பண்டைய ஆப்பிரிக்காவில் இத்தனை பண்பாடுகள் எப்படி உருவாயின?

வடக்குத் தான்சானியாவில் ஏயாசி என்னும் உவர்நீர் ஏரி உள்ளது. அதன் கரையோரப் புதர்க்காடுகளில் ஹாட்சா மக்கள் வில்லும் அம்பும் கொண்டு வேட்டையாடியும், கிழங்கு அகழ்ந்தும், தேன் எடுத்தும் வாழ்ந்து வருகின்றனர். நாக்கைச் சொடுக்கி எழுப்பும் ஒலிகள் நிறைந்த அவர்களுடைய மொழிக்கு வேறெந்த மொழியும் உறவு என்று இதுவரை நிறுவப்படவில்லை. அருகிலுள்ள மேட்டுநிலத்தில் பயிரும் கால்நடையும் வளர்த்து வாழும் இராக்கு மக்களின் மொழி, சோமாலியையும் ஒரோமோவையும் போலக் குஷிட்டிக் கிளையைச் சேர்ந்தது. மாட்டு மந்தைகளோடு வாழும் டடோகா மக்களின் மொழி, தெற்கு சூடானின் டிங்கா, நுவேர் மொழிகளுக்குத் தூரத்து உறவு. ஏரிக்குத் தெற்கே தானியம் பயிரிடும் இசன்சு மக்கள் பேசுவதோ, கேமரூன் முதல் தென்னாப்பிரிக்கா வரை பரந்துள்ள பாண்டு மொழிகளுள் ஒன்று. சில நாள் நடையில் சுற்றிவிடக்கூடிய நிலப்பரப்புக்குள் ஒன்றோடொன்று ஒட்டாத நான்கு மொழி மரபுகளும் அவற்றுக்கேற்ற வாழ்க்கை முறைகளும் அடுத்தடுத்து இருக்கின்றன.

இந்த நிலை எப்படி ஏற்பட்டது என்று கேட்டால், காடும் மலையும் பாலைவனமும் மக்களைப் பிரித்து வைத்ததால் ஒவ்வொரு குழுவும் தனித்தனியே வளர்ந்தது என்ற விடைதான் பெரும்பாலும் கிடைக்கும். அது பாதி விடைகூட ஆகாது. பிரிந்தே இருந்தவர்கள் ஒரே ஏரிக்கரையில் அடுத்தடுத்து வசிக்க வந்தது எப்படி என்பதை அது சொல்வதில்லை. நிலம் வெவ்வேறு மக்களை வெவ்வேறு தொழில்களுக்குப் பழக்கியது; இடப்பெயர்வு அவர்களை அருகருகே கொண்டுவந்தது; அருகில் வந்தவர்கள் ஒருவர் விளைவித்ததை மற்றவர் பெற்று வாழத் தொடங்கியபோது, தாங்கள் வேறு வேறாக இருப்பதே அவர்களுக்குப் பயனுள்ளதாயிற்று. ஆப்பிரிக்காவின் பழைய வரலாற்றில் இந்த மூன்றும் பின்னிக் கிடக்கின்றன.

ஆப்பிரிக்காவின் பரப்பு ஏறத்தாழ 3 கோடி சதுர கிலோமீட்டர். இந்தியாவைப் போல ஒன்பது மடங்கு. இன்று அங்கே பேசப்படும் மொழிகள் ஏறத்தாழ 2,000. நிலநடுக்கோடு கண்டத்தின் நடுவே செல்வதால், தட்பவெப்ப மண்டலங்கள் வடக்கிலும் தெற்கிலும் ஒரே வரிசையில் அமைந்திருக்கின்றன: நடுவில் காங்கோ மழைக்காடு, அதன் இருபுறமும் மரங்கள் ஆங்காங்கே நிற்கும் சவானாப் புல்வெளி, அதற்கப்பால் வறண்ட மேய்ச்சல் நிலம், பிறகு பாலைவனம், இரு முனைகளிலும் குளிர்காலத்தில் மழை பெறும் கடற்கரை. கிழக்கில் மட்டும் பெரும் பிளவுப் பள்ளத்தாக்கும் அதை ஒட்டிய உயர்ந்த மலைகளும் இந்த ஒழுங்கைக் கலைத்துவிடுகின்றன. அங்கே ஒரே நாளில் வெப்பமான பள்ளத்தாக்கிலிருந்து குளிர்ந்த மலைக்காட்டுக்கு ஏறிவிட முடியும். ஏயாசியைச் சுற்றி இத்தனை வகை வாழ்க்கை அமைந்ததற்கு அந்தக் குலைவும் ஒரு காரணம்.

இந்த அமைப்பிலிருந்து ஓர் எளிய விதி பிறக்கிறது. ஒரே மண்டலத்துக்குள் கிழக்கு மேற்காக நகர்பவர் தம் விதையையும் மந்தையையும் உடன் கொண்டுபோகலாம். வடக்கு தெற்காக நகர்பவரோ சில நூறு கிலோமீட்டருக்கு ஒருமுறை வேறு மழைக்கும் வேறு நோய்களுக்கும் பழகியாக வேண்டும். பழகும்போது பயிர் மாறும், பயிரோடு வேலைப் பங்கீடும் சடங்கும் மாறும். ஃபுலானி ஆயர்கள் செனகல் ஆற்றுப் பகுதியிலிருந்து சாட் ஏரி வரையும் அதற்கப்பாலும் பல நூற்றாண்டுகளில் பரவியபோது, ஒரே மேய்ச்சல் மண்டலத்தின் வழியாகவே சென்றனர். இத்தனை தொலைவு பரவியும் அவர்கள் பேச்சு பெரும்பாலும் ஒருவருக்கொருவர் அறியக்கூடிய ஒரே மொழியின் வழக்குகளாகவே நிற்கிறது.

மனிதர் மிக நீண்ட காலமாக வாழ்ந்த கண்டம் இது என்பதையும் மறந்துவிடக் கூடாது. மொராக்கோவின் ஜெபல் இர்ஹூதில் கிடைத்த மனித எச்சங்களின் வயது ஏறத்தாழ 3 லட்சம் ஆண்டுகள். தென்னாப்பிரிக்கப் பகுதியின் சான் மக்களுடைய முன்னோர், பிற மனிதக் கிளைகளிலிருந்து ஒரு லட்சம் ஆண்டுகளுக்கும் முன்பே பிரியத் தொடங்கிவிட்டனர். மரபணு வேறுபாடு உலகிலேயே ஆப்பிரிக்காவில்தான் மிகுதி. ஆயினும் இன்று நாம் காணும் பண்பாட்டு வரைபடத்தைப் பெரிதும் தீட்டியவை கடைசிப் பத்தாயிரம் ஆண்டுகளே. அதிலும் முதன்மையானது சகாராவின் கதை.

பசுமையாக இருந்த சகாரா

ஏறத்தாழ 11,000 ஆண்டுகளுக்கு முன்பு தொடங்கி 5,000 ஆண்டுகளுக்கு முன்பு வரை சகாரா புல்லும் ஏரிகளும் நிறைந்த நிலமாக இருந்தது. பூமியின் அச்சு சாய்ந்திருக்கும் திசை பல்லாயிரம் ஆண்டுகளில் மெல்ல மாறிவருவதால், அக்காலத்தில் வடகோளத்தின் கோடை இன்றைவிடக் கூடுதலான வெயிலைப் பெற்றது. நிலம் அதிகம் சூடேறியதால் மேற்கு ஆப்பிரிக்கப் பருவமழை மிக வடக்கே வரை சென்று பெய்தது. சாட் ஏரி 3 லட்சம் சதுர கிலோமீட்டருக்கும் மேல் பரந்திருந்தது. 1987-இல் நைஜீரியாவின் துஃபுனா என்னும் ஊரருகே ஃபுலானி இடையர் ஒருவர் கிணறு தோண்டியபோது, ஏறத்தாழ 8,000 ஆண்டுப் பழமையுள்ள மரத்தோணி ஒன்று மண்ணுக்குள் அகப்பட்டது. இன்று புழுதி பறக்கும் அந்த வட்டாரத்தில் ஒரு காலத்தில் தோணி செய்வோர் வாழ்ந்தனர் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

அல்ஜீரியாவின் தசிலி மலைப்பாறைகளில் உள்ள ஓவியங்கள் இந்த மாற்றத்தை விலங்குகளின் வரிசையாகவே பதிவு செய்திருக்கின்றன. மிகப் பழைய அடுக்கில் யானை, ஒட்டகச்சிவிங்கி போன்ற காட்டு விலங்குகள், அடுத்து மாட்டு மந்தைகளும் அவற்றை ஓட்டிச் செல்லும் மனிதர்களும், பிறகு குதிரை பூட்டிய தேர்கள், கடைசியில் ஒட்டகங்கள். நைஜர் நாட்டின் கோபெரோ என்னுமிடத்தில், டைனோசர் எலும்பு தேடிச் சென்ற குழுவொன்று 2000-ஆம் ஆண்டில் எதிர்பாராமல் ஓர் இடுகாட்டைக் கண்டது. வற்றிப்போன ஏரியின் கரையில் இருந்த அந்த இடுகாட்டில் இரண்டு வெவ்வேறு மக்களின் கல்லறைகள் இருந்தன. இடையே ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு வறட்சி நிலவியபோது அங்கே எவரும் வாழவில்லை. ஏரி நிறைந்தபோது ஒரு கூட்டம் வந்தது, வற்றியபோது போயிற்று, மீண்டும் நிறைந்தபோது வேறொரு கூட்டம் வந்தது.

இந்தப் பசுமைக் காலத்தில் ஆப்பிரிக்கா தனக்கென ஒரு வழியைப் பிடித்தது. மேற்கு ஆசியாவில் மக்கள் முதலில் தானியம் பயிரிட்டு, பிறகு கால்நடை வளர்த்தனர். சகாராவிலோ பயிர்த்தொழில் வருவதற்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் முன்பே மாடு வந்துவிட்டது. மழை ஓரிடத்தில் பொய்த்தால் இன்னோர் இடத்துக்கு ஓட்டிப்போகக்கூடிய செல்வம் அது. லிபியாவின் தகர்க்கோரியில் கிடைத்த, ஏறத்தாழ 7,000 ஆண்டுப் பழமையுள்ள பானை ஓடுகளில் பால்கொழுப்பின் படிவு இருப்பதை வேதியியல் சோதனைகள் காட்டியுள்ளன. வளர்ந்த பின்னும் பாலைச் செரிக்கும் திறனைத் தரும் மரபணு மாற்றங்கள் கிழக்கு ஆப்பிரிக்க ஆயர்களிடம் ஐரோப்பியர்களுடையதோடு தொடர்பின்றித் தனியே தோன்றி, சில ஆயிரம் ஆண்டுகளுக்குள் வேகமாகப் பரவின. பண்பாடு மனித உடலையே மாற்றியதற்கு இதைவிடத் தெளிவான சான்று அதிகமில்லை. மணமகன் வீட்டார் பெண் வீட்டாருக்கு மாடு கொடுத்து மணம் முடிப்பதும், டிங்கா இளைஞர் தம் எருதின் நிறத்தைக் கொண்டே பெயர் பெறுவதும் இந்த மாட்டு உலகத்தின் தொடர்ச்சியே.

மழை பின்வாங்கியபோது சகாராவின் மக்கள் பல திசைகளில் கலைந்தனர். சிலர் நைல் பள்ளத்தாக்கில் ஒதுங்கினர். சிலர் தெற்கே சாகேல் எனப்படும் பாலைவன விளிம்புக்கு இறங்கினர். சிலர் பாலைவன நடுவிலுள்ள மலைகளிலேயே தங்கினர். மேய்ச்சல் தொழில் தென்கிழக்கே நகர்ந்து, 5,000 ஆண்டுகளுக்கு முன்பு கென்யாவின் துர்க்கானா ஏரிக்கரையை அடைந்தது. அங்கே அந்த ஆயர்கள் பெரும் கல் தூண்கள் நட்டுப் பொது இடுகாடுகள் அமைத்தனர். அவற்றுள் லோதகத்தில் உள்ளதில் நூற்றுக்கணக்கானோர் அடக்கம் செய்யப்பட்டுள்ளனர். அரசனோ பெருந்தனக்காரரோ இருந்ததற்கான அடையாளம் அதில் இல்லை. ஏறக்குறைய எல்லாரும் அணிகலன்களோடு புதைக்கப்பட்டிருக்கின்றனர்.

சாகேலில் நெருங்கி வாழ நேர்ந்தவர்கள் காட்டுப் புற்களைப் பயிராக்கினர். மாலியில் 4,500 ஆண்டுகளுக்கு முன்பே கம்பு பயிரிடப்பட்டது. சூடானின் கிழக்கே சோளமும், எத்தியோப்பியா, உகாண்டா மேட்டுநிலங்களில் கேழ்வரகும் பயிராயின. இந்தத் தானியங்கள் கடல் கடந்து இந்தியாவுக்கும் வந்தன; கம்பு 3,500 ஆண்டுகளுக்கு முன்பே வந்துவிட்டது. நாம் மண்ணின் உணவு என்று போற்றும் கம்பங்கூழும் கேழ்வரகுக் களியும் ஆப்பிரிக்க உழவர்கள் தேர்ந்தெடுத்த விதையிலிருந்து வந்தவை என்பதை நம்மில் பலர் அறிவதில்லை.

ஓர் ஈ வகுத்த எல்லை

மந்தைகளோடு தெற்கே இறங்கியவர்களை ட்செட்சி என்னும் ஈ தடுத்தது. ஈரமும் நிழலும் உள்ள புதர்க்காடுகளில் வாழும் இந்த ஈ, கடிக்கும்போது ஒரு வகை நுண்ணுயிரியை உடலுக்குள் செலுத்துகிறது. மனிதருக்கு அது உறக்க நோயைத் தரும். மாட்டுக்கும் குதிரைக்கும் பெரும்பாலும் சாவு. சாகேலின் வறட்சியிலும் எத்தியோப்பியா, ருவாண்டா போன்ற உயர்நிலங்களின் குளிரிலும் ஈ பெருகுவதில்லை. இடைப்பட்ட பெரும்பரப்பில் அதன் ஆட்சிதான். கண்டத்தில் எங்கே மாடு நிற்கும், எங்கே நிற்காது என்பதை வரைந்தால், பண்பாட்டு வரைபடத்தின் பல கோடுகள் அதனோடு பொருந்திப் போவதைக் காணலாம்.

ஈ உள்ள நிலத்தில் இழுவை விலங்கு இல்லை. ஆகவே ஏரும் வண்டியும் இல்லை. உழவு மண்வெட்டியால் நடந்தது. சரக்கு தலைச்சுமையாகவோ தோணியிலோ போயிற்று. இதை ஆப்பிரிக்கரின் தொழில்நுட்பப் பின்தங்கலாக எழுதிவைத்த பழைய ஐரோப்பிய நூல்கள், பூட்டிய எருது சில மாதங்களில் இறந்துவிடும் நிலத்தில் ஏர் எதற்கு என்று கேட்கவில்லை. குதிரைப்படையை நம்பிய மேற்கு ஆப்பிரிக்காவின் மாலி, சொங்காய் பேரரசுகள் திறந்த புல்வெளியில் வலிமையோடு பரவினவேயன்றி, மழைக்காட்டுக்குள் நிலைகொள்ளவில்லை. காட்டுக்குள், இன்றைய நைஜீரியாவில் உள்ள இஃபே, பெனின் போன்ற நகர அரசுகள் யாம் எனப்படும் வள்ளிக்கிழங்கையும் எண்ணெய்ப்பனையையும் நம்பித் தம் வழியில் வளர்ந்தன. மென்று சுவைக்கும் காட்டுக் கோலாக் கொட்டை வடக்கே போயிற்று. பாலைவனத்தின் உப்பு தெற்கே வந்தது.

குடும்ப அமைப்பிலும் இந்தக் கோடு தெரிகிறது. காங்கோ ஆற்றுமுகம் முதல் மொசாம்பிக் வரை, நடு ஆப்பிரிக்காவின் குறுக்கே, சொத்தும் குலமும் தாய்வழியில் செல்லும் சமூகங்கள் பட்டையாக அமைந்துள்ளன: கோங்கோ, பெம்பா, செவா மக்கள் அவர்களுள் சிலர். அங்கே மாடு குறைவு. பாண்டு மொழி பேசும் சமூகங்களை ஒப்பிட்ட கிளேர் ஹோல்டன், ரூத் மேஸ் ஆகிய ஆய்வாளர்கள், மாடு வளர்க்கத் தொடங்கிய சமூகங்கள் தாய்வழியை விட்டுத் தந்தைவழிக்கு மாறும் போக்கை 2003-இல் எடுத்துக்காட்டினர். மண்வெட்டி உழவில் பெண்ணின் உழைப்பும் நிலமும் முதன்மை. மந்தையோ மகனுக்குக் கொடுத்தால் பெருகக்கூடிய, பிறர் கவர்ந்து செல்லவும் கூடிய செல்வம். ஆனாலும் நிலம் எல்லாவற்றையும் கட்டளையிடுகிறது என்று இதைப் படிக்கக் கூடாது. கானாவின் அகான் மக்கள் தாய்வழியினர். அதே வகைக் காட்டு மண்டலத்தில் வாழும் யொருபா மக்கள் தந்தைவழியினர்.

பாண்டு மக்களின் நீண்ட பயணம்

ஆப்பிரிக்க இடப்பெயர்வுகளுள் மிகப் பெரியது பாண்டு மொழி பேசியோரின் பரவல். நைஜீரியாவும் கேமரூனும் சந்திக்கும் மேட்டுநிலத்திலிருந்து 4,000 முதல் 5,000 ஆண்டுகளுக்கு முன்பு அது தொடங்கியது. ஏறத்தாழ 500 மொழிகள் இன்று இந்தக் குடும்பத்தில் உள்ளன. அவற்றின் உறவு கேட்டாலே புரியும்: மனிதரைக் குறிக்கும் சொல் கோங்கோ மொழியில் முந்து, கிழக்குக் கரையின் சுவாகிலியில் ம்து, தென்னாப்பிரிக்காவின் ஜூலுவில் உமுந்து, பன்மையில் பாந்து, வாது, அபாந்து.

பரவல் என்றவுடன் படையெடுப்போ, ஊரோடு மூட்டை கட்டிய பெருங்கூட்டமோ கண்முன் வந்துவிடும். கேமரூன் மேட்டுநிலத்திலிருந்து தென்னாப்பிரிக்காவின் கிழக்குக் கரை வரை ஏறத்தாழ 4,500 கிலோமீட்டர். அதைக் கடக்க 3,000 ஆண்டுகளுக்கும் மேல் ஆயிற்று. ஆண்டுக்குச் சராசரியாக இரண்டு கிலோமீட்டர்கூட இல்லை. மகன் தந்தையின் ஊரிலிருந்து அடுத்த ஓடைக்கு அப்பால் குடிசை போட்டான். மண் சலித்ததும் அவன் மக்கள் இன்னொரு ஓடையைத் தாண்டினர். தாம் ஒரு மாபெரும் இடப்பெயர்வில் இருக்கிறோம் என்று அவர்களில் எவருக்கும் தெரிந்திருக்காது.

முதலில் புறப்பட்டவர்களிடம் இரும்பு இல்லை. வள்ளிக்கிழங்கும் எண்ணெய்ப்பனையும் ஆடும் மட்பாண்டமும் மெருகேற்றிய கற்கோடரியும் இருந்தன. அவர்களுக்கு எதிரே நின்றது மழைக்காடு. 4,000 முதல் 2,500 ஆண்டுகளுக்கு முந்தைய காலத்தில் தட்பவெப்பம் வறண்டதால் காட்டின் விளிம்புகளும் நடுவில் சில பகுதிகளும் திறந்து புல்வெளியாயின. புலம்பெயர்ந்தோர் பெரும்பாலும் அந்தத் திறப்புகளையும் ஆறுகளையும் பற்றியே தெற்கே இறங்கினர். அடர்காட்டுக்குள் சென்ற கிளைகளின் வேகம் குறைந்ததை மொழிகளின் கிளைவரிசையை ஒப்பிடும் ஆய்வுகள் காட்டுகின்றன.

கிழக்கே சென்றவர்கள் விக்டோரியா ஏரிக்கரையை அடைந்தபோது வேறொரு உலகத்தைச் சந்தித்தனர். அங்கே ஏற்கெனவே குஷிட்டிக் மொழி பேசும் ஆயர்களும், டடோகா, டிங்கா மொழிகள் சேர்ந்த நைலோ-சகாராக் குடும்பத்து மொழிகள் பேசும் சோள உழவர்களும், அவர்களுக்கு முந்தைய வேட்டைக்காரர்களும் இருந்தனர். ஏறத்தாழ 2,500 ஆண்டுகளுக்கு முன்பு அந்த ஏரிப் பகுதியில் உரேவே எனப்படும் பள்ளமிட்ட மட்பாண்டங்களும் இரும்பு உருக்கும் உலைகளும் தோன்றுகின்றன. கிழங்கு நட்ட கை அங்கே சோளமும் கேழ்வரகும் விதைக்கக் கற்றது. மாடும் அங்கேதான் கைக்கு வந்தது. கிழக்குப் பாண்டு மொழிகள் பலவற்றில் மாடு, தானியம் தொடர்பான பழைய சொற்கள் அயல்மொழிகளிலிருந்து வந்தவை. புதிய பயிர்களும் இரும்பும் சேர்ந்த பிறகுதான் தெற்கு நோக்கிய பரவல் வேகம் பிடித்தது, கி.பி. 4-ஆம் நூற்றாண்டளவில் அது தென்னாப்பிரிக்காவின் கிழக்குப் பகுதியில் நிலைபெற்றுவிட்டது. ஆகவே, தெற்கே சென்று சேர்ந்த பண்பாடு கேமரூனிலிருந்து கிளம்பிய பண்பாடு அல்ல; வழியில் சந்தித்த ஒவ்வொருவரிடமும் ஏதேனும் ஒன்றைப் பெற்றுக்கொண்டு உருவான புதிய ஒன்று.

பெற்றுக்கொண்டதன் தடம் ஒலியிலேயே இருக்கிறது. தென்னாப்பிரிக்காவின் ஹோசா, ஜூலு மொழிகளில் உள்ள சொடுக்கொலிகள் வேறு பாண்டு மொழிகள் பெரும்பாலானவற்றில் இல்லை; அவை சான், கோய்கோய் மக்களின் மொழிகளிலிருந்து வந்தவை. எப்படி வந்தன என்பதற்குச் சொல்லப்படும் விளக்கம் சுவையானது. ஹ்லோனிபா என்ற வழக்கப்படி மருமகள் தன் மாமனாரின் பெயரையோ அதிலுள்ள அசைகளையோ உச்சரிக்கக் கூடாது. அந்த அசை வரும் அன்றாடச் சொற்களுக்கும் மாற்றுச் சொல் தேட வேண்டும். சொடுக்கொலி மொழி பேசிய குடும்பங்களிலிருந்து மணமாகி வந்த பெண்கள் தம் தாய்மொழி ஒலிகளை இட்டு மாற்றுச் சொற்களை ஆக்கினர் என்றும், அவற்றைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகளின் வழியே அவை பொதுமொழியாயின என்றும் மொழியியலாளர் சிலர் கருதுகின்றனர்.

பயணம் எங்கே நின்றது என்பதும் கற்பிக்கிறது. சோளமும் கம்பும் கோடை மழைப் பயிர்கள். தென்மேற்கு முனையான கேப் பகுதியில் மழை குளிர்காலத்தில் பெய்கிறது. அங்கே அந்த விதை முளைத்துப் பயன் தராது. எனவே பாண்டு உழவர்கள் கோடை மழையின் எல்லையருகே, இன்றைய கிழக்குக் கேப் பகுதியில் நின்றுவிட்டனர். அதற்கு மேற்கே, ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முன்பே செம்மறி ஆட்டோடு தெற்கே வந்திருந்த மேய்ச்சல் மரபைச் சேர்ந்த கோய்கோய் மக்களும், வேட்டை வாழ்க்கையைத் தொடர்ந்த சான் மக்களும் தம் நிலத்திலேயே இருந்தனர். 1652-இல் டச்சுக்காரர்கள் கேப்பில் இறங்கியபோது சந்தித்தது இவர்களைத்தான்.

மழைக்காட்டுக்குள் உறவு வேறு விதமாக அமைந்தது. பாக்கா, அக்கா, எஃபே போன்ற காட்டு மக்கள் தேனும் வேட்டை இறைச்சியும் கொடுத்து, உழவரிடமிருந்து வாழைக்காயும் இரும்பும் பெற்றனர். அவர்கள் அண்டை உழவர்களின் மொழிக்குடும்பங்களைச் சேர்ந்த மொழிகளையே இன்று பேசுகின்றனர்: அக்கா மக்கள் பாண்டு மொழியை, எஃபே மக்கள் நடு சூடானிய மொழியை, பாக்கா மக்கள் உபாங்கி மொழியை. மொழி மாறியபோதும், பல குரல்கள் ஒன்றையொன்று பின்னிச் செல்லும் அவர்களுடைய பாடல் முறை மாறவில்லை. தொலைவிலுள்ள காட்டுக் குழுக்களிடையேயும் அது ஒத்திருக்கிறது. ஒரு மக்களின் பண்பாட்டை மொழியை மட்டும் வைத்து அளப்பது எத்தனை ஏமாற்றக்கூடியது என்பதற்கு இது நல்ல எச்சரிக்கை.

ஆற்றங்கரையில் அண்டை வீட்டார்

மாலியில் நைஜர் ஆறு பல கிளைகளாகப் பிரிந்து, ஆண்டுதோறும் பெருகி வடியும் உள்நாட்டுச் சமவெளி ஒன்று உண்டு. வெள்ளம் ஏறும்போது மீன், வடியும்போது நெல், காய்ந்த பிறகு புல். ஆசிய நெல்லோடு தொடர்பின்றித் தனியே பயிரான ஆப்பிரிக்க நெல் இந்தப் பகுதியில்தான் பயிராக்கப்பட்டது. ஒரே நிலம் ஆண்டின் வெவ்வேறு மாதங்களில் வெவ்வேறு தொழிலாளருக்கு உரியதாகிறது: போசோ மக்கள் மீன்பிடிப்போர், மார்க்கா மக்கள் நெல் விளைவிப்போர், பம்பரா மக்கள் மேட்டில் கம்பு பயிரிடுவோர், பிற்காலத்தில் வந்து சேர்ந்த ஃபுலானியர் மாடு மேய்ப்போர். யார் எந்தத் தொழில் என்பது இனப் பெயரோடு ஒட்டிக்கொண்டுவிட்டது.

இங்கே கி.மு. 250 அளவில் தோன்றிய ஜென்னே-ஜெனோ என்னும் நகரை, 1977 முதல் சூசன் மெக்கின்டாஷும் ரோடரிக் மெக்கின்டாஷும் அகழ்ந்தனர். கி.பி. 800 அளவில் அது 33 ஹெக்டேர் பரப்பில் இருந்தது. சுற்றிலும் பல சிறு குடியிருப்புகள் நெருங்கியிருந்தன. அவற்றில் சிலவற்றில் கொல்லர்கள், சிலவற்றில் மீனவர்கள் என்று தொழிலுக்கேற்பப் பிரிந்திருந்தனர். அரண்மனையோ, பெருங்கோவிலோ, அரச கல்லறையோ அகப்படவில்லை. நகரம் என்றால் அரசன் என்று பழகிப்போன நமக்கு இது வியப்பு. ஒருவரை ஒருவர் நம்பியிருந்த தொழிற்குழுக்கள், ஒன்றிலொன்று கரையாமலேயே, பெரிய நகர வாழ்வை நடத்தியிருக்கின்றன.

நைலைப் பற்றி ஏற்கெனவே நிறைய எழுதப்பட்டிருப்பதால் சுருக்கமாகச் சொல்லலாம். எகிப்தில் நீரோட்டம் வடக்கே போகிறது, காற்று பெரும்பாலும் தெற்கே வீசுகிறது. படகு இரு திசையிலும் எளிதாகச் செல்லும் அந்த நீண்ட பள்ளத்தாக்கில் ஒரே அரசு நிலைத்தது. அஸ்வானுக்குத் தெற்கே பாறைகள் குறுக்கிடும் ஆறு இடங்கள் படகை மறித்தன. அந்தத் தடைகளின் மறுபுறத்தில் கெர்மாவும் பின்னர் குஷ் அரசும் தமக்கென வளர்ந்தன. கி.மு. 8-ஆம் நூற்றாண்டில் குஷ் மன்னர்கள் எகிப்தையே வென்று ஆண்டனர். எகிப்தின் அமூன் கடவுளை வணங்கிய அவர்கள், மெரோவே தலைநகராக இருந்த காலத்தில் சிங்கத்தலைக் கடவுளான அபெதெமக்குக்கும் கோவில் எழுப்பினர், தமக்கென எழுத்து முறையும் வகுத்தனர். இன்னும் தெற்கே சூட் சதுப்புநிலம் பயணத்தை ஏறக்குறைய முழுமையாகத் தடுத்தது. எத்தியோப்பிய உயர்நிலத்திலோ ட்செட்சி ஈ இல்லாததால் எருது பூட்டிய ஏர் இருந்தது. தெஃப் என்னும் சிறுதானியமும், செங்கடலின் மறுகரையான தென் அரேபியாவோடு கொண்ட நெடுந்தொடர்பிலிருந்து வளர்ந்த கீஸ் எழுத்தும் இருந்தன. 4-ஆம் நூற்றாண்டில் அந்த உயர்நிலத்தின் அக்சும் அரசை ஆண்ட மன்னர் எசானா கிறித்தவத்தை ஏற்றார்.

முதலில் வந்தவர், பிறகு வந்தவர்

இடப்பெயர்வு தொடர்ந்து நடக்கும் நாட்டில் ஒரு கேள்வி ஓயாமல் எழும்: இந்த மண் யாருடையது? ஆப்பிரிக்கச் சமூகங்கள் பல இதற்கு நுட்பமான விடை கண்டன. இன்றைய புர்கினா ஃபாசோவில் உள்ள மோசி அரசுகளை நிறுவியவர்கள் தெற்கேயிருந்து குதிரையேறி வந்தவர்கள். அரசுரிமை அவர்கள் வழியினருக்கே உரியது. நாபா என்பது அரசரின் பட்டம். ஆனால் மண்ணுக்குச் செய்யும் வழிபாடு, நிலப் பங்கீட்டில் சொல்லும் சொல், மண்ணைத் தீட்டுப்படுத்திய குற்றத்துக்குக் கழுவாய் ஆகியவை, அவர்களுக்கு முன்பே அங்கே வாழ்ந்த குடிகளின் நிலப் பூசாரியான தெங்சோபாவின் கையில் இருந்தன. வென்றவர் மக்களை ஆண்டார். முதலில் வந்தவர் மண்ணுக்கு உரியவராக இருந்தார். ஒருவர் இல்லாமல் மற்றவர் சடங்கு முழுமை பெறாது.

இந்த ஏற்பாடு மேற்கு ஆப்பிரிக்காவின் சவானாப் பகுதி முழுதும் வெவ்வேறு பெயர்களில் காணப்படுகிறது. மக்கள்தொகை குறைந்து நிலம் மிகுந்திருந்த கண்டத்தில், ஆட்சி பிடிக்காதவர்கள் எழுந்து நடந்துவிட முடிந்தது. அப்படி நடந்தவர்கள் எல்லைப்புறத்தில் புதிய ஊர் அமைத்து, அங்கே முன்பே இருந்தவர்களோடு உடன்பாடு செய்து, காலப்போக்கில் தமக்கென ஒரு பெயரையும் தோற்றக் கதையையும் பெற்றனர். இன்று பழமையான இனங்கள் என்று நாம் எண்ணும் குழுக்களில் பல இவ்வாறு கலந்து உருவானவை.

கடல் கொண்டுவந்தவை

கிழக்குக் கரையில் காற்றே சாலையாக இருந்தது. நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று அரேபியா, இந்தியா பக்கமிருந்து மரக்கலங்களைக் கொண்டுவரும். ஏப்ரலுக்குப் பின் தென்மேற்குக் காற்று அவற்றைத் திருப்பி அனுப்பும். காற்று மாறும்வரை வணிகர் துறைமுகங்களில் மாதக்கணக்கில் தங்கினர், மணமும் புரிந்தனர். அங்கே வளர்ந்த சுவாகிலி நகரங்களில் பவளக்கல் வீடுகளும் பள்ளிவாசல்களும் எழுந்தன. மொழி, அரபுச் சொற்களை ஏராளமாக ஏற்றும் இலக்கணத்தால் பாண்டு மொழியாகவே நின்றது. 2023-இல் வெளியான பண்டைய மரபணு ஆய்வு, கி.பி. 1000 அளவிலிருந்து பாரசீகப் பகுதி ஆண்களும் ஆப்பிரிக்கப் பெண்களும் கலந்த குடும்பங்கள் இந்தக் கரையில் இருந்ததைக் காட்டியது. தங்கள் முன்னோர் பாரசீகத்தின் ஷிராஸ் நகரிலிருந்து வந்தனர் என்ற சுவாகிலி மரபுக் கதையை வரலாற்றாசிரியர் பலர் நெடுங்காலம் வெறும் பெருமைப் பேச்சென்று ஒதுக்கி வந்தனர்.

மடகாஸ்கரின் கதை எல்லாவற்றிலும் விந்தையானது. ஆப்பிரிக்கக் கரையிலிருந்து ஏறத்தாழ 400 கிலோமீட்டரில் உள்ள அந்தத் தீவின் மலகாசி மொழிக்கு மிக நெருங்கிய உறவுமொழி, இந்தியப் பெருங்கடலின் மறுமுனையில், போர்னியோவின் பரித்தோ ஆற்றுப் பகுதியில் பேசப்படும் மான்யான். கி.பி. முதல் ஆயிரமாண்டின் பிற்பகுதியில் அங்கிருந்து கடல் கடந்து வந்தவர்கள் நெல்லையும் பக்கமிதவை கட்டிய தோணியையும் கொண்டுவந்தனர்; ஆப்பிரிக்கக் கரையிலிருந்து வந்தவர்கள் மாட்டையும் பாண்டுச் சொற்களையும் கொண்டுவந்தனர். இன்றைய மலகாசி மக்களின் மரபில் இரு தரப்பும் உண்டு.

வந்து கலந்தவர்களை அதன்பின் நிலம் பிரித்தது. குளிர்ந்த நடு மேட்டுநிலத்தில் மெரினா மக்கள் சரிவுகளையும் சதுப்புகளையும் திருத்தி நெல் வயலாக்கினர். மேற்குப் புல்வெளியில் சகலாவா மக்களிடையே மாடே செல்வமும் வழிபாட்டின் மையமும் ஆயிற்று. முட்புதர் மண்டிய வறண்ட தெற்கிலும் மழை ஓயாத கிழக்குச் சரிவிலும் வேறு வேறு வாழ்க்கைகள் அமைந்தன. ஆனால் மொழி மட்டும், வட்டார வழக்குகள் பலவாக இருந்தாலும், தீவு முழுதும் ஒன்றே. பெருநிலத்தில் ஒரே ஏரியைச் சுற்றி நான்கு மொழி மரபுகள் இருக்க, இந்தியாவில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்குக்கு ஒத்த ஒரு பெருந்தீவில் ஒரே மொழி இருப்பதற்குக் காரணம் எளியது: அங்கே மனிதர் பெருமளவில் குடியேறி இன்னும் ஆயிரத்துச் சொச்சம் ஆண்டுகளே ஆகின்றன.